கழுதைப் பாட்டுக்காரருக்கு ஒரு சால்வை

என் காலடியில், நான் உட்கார்ந்திருந்த வாங்குக்குக் கீழே, ஒரு எவர்சில்வர் தட்டம் இருந்தது. அதில் மடித்த சால்வை. சால்வையின் மேல் இரண்டு தோடம்பழம், கொஞ்சம் சிவப்புப் பூ, மூன்று பச்சை இலை. எல்லாவற்றையும் என்னுடைய பனிக்கால ஜாக்கெட்டால் மூடியிருந்தேன். அது யூன் மாதம். அந்தச் சபையில் பனிக்கால ஜாக்கெட் கொண்டுவந்த ஒரே ஆள் நான்தான்.

சுவிஸில், பேர்ண் நகரத்தின் பழைய பகுதியில், தெருவோரம் சாய்வாகப் படுத்திருக்கும் மரக் கதவுகளைத் திறந்தால் கீழே நிலவறைகள் இருக்கும். முந்தி வைன் பீப்பாய் உருட்டி வைத்த இடங்கள். அப்படி ஒரு நிலவறையில் எழுபது பேரளவில் உட்கார்ந்திருந்தோம். ஈரக்கல் மணத்தது. முன்னால் ஒரு சாண் உயரத்தில் பலகை மேடை. அதில் ஒரு முக்காலி, ஒரு மைக், ஒரு மஞ்சள் விளக்கு, அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு நெட்டை மனிதர்.

போன கிழமை நான் எழுதிய, பஸ் மாறி ஏறிய கதையைப் படித்துவிட்டு ஃப்ரிபூர்க்கிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். “ஒவ்வொரு கிழமையும் நீங்கள் கூச்சக்காரன் என்று எழுதுகிறீர்கள். வாழ்க்கையில் ஒரு தடவையாவது துணிந்து ஏதாவது செய்ததுண்டா?” என்று கேட்டிருந்தார்.

ஒரு தடவை செய்தேன், அம்மா. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நிலத்துக்குக் கீழே ஒரு குசினி

எண்பதுகளின் நடுவில் நான் பேர்ணில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். குசினி நிலத்துக்குக் கீழே. ஒரேயொரு யன்னல், அதுவும் கூரையோடு ஒட்டியது. அதால் பார்த்தால் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். முதல் பனிக்காலம் முழுக்க நான் கண்ட சுவிஸ்காரர் எல்லாம் முழங்காலுக்குக் கீழேதான்.

எனக்கு அவர்களின் பாஷை தெரியாது. தெரிந்திருந்தாலும் கதைத்திருக்க மாட்டேன். ஊரிலேயே நான் நாலு பேர் கூடினால் ஐந்தாவது ஆளாகப் பின்னால் நிற்கிறவன்.

குசினியில் ரூடி என்று ஒரு சமையல்காரன் இருந்தான். என் வயதுதான், முப்பது இருக்கும். அவன் என்னோடு முழுதாகக் கதைப்பதில்லை. எனக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகத்தான் விடுவான். “சட்டி. பெரியது. கவனம். சூடு.” அவனுடைய கசற் பெட்டி மாப்பெட்டிக்கு மேல் இருக்கும். அதில் ஒரே ஒரு கசற் திரும்பத் திரும்ப ஓடும். ஒரு ஆண் குரல், ஒரு கிற்றார், இடையிடையே மவுத் ஓர்கன்.

குரல் நல்ல குரல் என்று சொல்ல முடியாது. கரகரப்பு. எங்கள் ஊர்ச் சபாவில் என்றால் பாட விட மாட்டார்கள். ஆனால் அந்தக் கசற்றின் இரண்டாம் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பாட்டு வரும். அது வந்தால் நான் தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிடுவேன்.

பாட்டு நடுவில் நின்றுவிடும். கிற்றாரும் நிற்கும். டொக், டொக், டொக் என்று மூன்று சத்தம் மட்டும் கேட்கும். பிறகுதான் குரல் திரும்பி வரும். முதலில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு பழகிவிட்டது. அந்த இடம் வரும்போது நானும் அகப்பையால் சட்டியில் மூன்று தட்டுத் தட்டுவேன். அந்தப் பனிக்காலத்தில் நான் யாருக்காவது பதில் சொன்னேன் என்றால் அந்த மூன்று தட்டுத்தான்.

ஒரு நாள் கசற்றை ரூடியிடம் இரவல் வாங்கி ஓஸ்டர்முண்டிகனுக்குக் கொண்டு போனேன். அங்கே நாங்கள் ஐந்து பேர் ஒரு வீட்டில் இருந்தோம். அதில் ஒருவர் பாலா மாஸ்டர். ஊரில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். இங்கே ஆஸ்பத்திரிக் குசினியில் உருளைக்கிழங்கு உரித்தார். பாட்டைப் போட்டு, இதற்கு என்ன கருத்து என்று கேட்டேன்.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தரம் கேட்டார்.

“நீர் என்ன நினைச்சீர்?”

“தாயைப் பற்றின பாட்டெண்டு நினைச்சன், மாஸ்டர்.”

“தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. கழுதை.”

“கழுதையோ?”

“ஓம். நிலக்கரிச் சுரங்கத்துக்கை வண்டி இழுக்கிற கழுதை. ஞாயிற்றுக்கிழமையிலை மட்டும் மேலை கொண்டு வருவினமாம். வெளிச்சத்தைக் கண்டு கண் கூசி, நடக்கத் தெரியாமல் அப்பிடியே நிக்குமாம்.” மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நாலு மாசமாக் கழுதைக்கோ அழுதனீர்?”

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த நாள் குசினியில் அந்தப் பாட்டு வந்தபோது எனக்கு முந்தியதை விடக் கூடவே பிடித்தது. யன்னலால் கால்களைப் பார்த்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

தட்டம் பிடிக்கிறவன்

இங்கே ஊர்க் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தட்டம் எதற்கு என்று விளங்காது.

எங்கள் கோயில் திருவிழாவில் ஒவ்வொரு வருசமும் ஒரு கச்சேரி நடக்கும். கடைசிப் பாட்டுக்கு முன்னால் கச்சேரியை நிறுத்தி, ஊர்ப் பெரியவர் ஒருவரை மேடைக்குக் கூப்பிட்டு, வித்துவானுக்குச் சால்வை போர்த்துவிப்பார்கள். சால்வையும் பழமும் பூவும் வெற்றிலையும் வைத்த தட்டத்தை மேடைக்குக் கீழே ஒரு ஆள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த ஆள் நான்.

எட்டு வருசம் பிடித்தேன். நான் கை நடுங்காமல் பிடிப்பேன் என்பதால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போர்த்துகிறவர்கள் தலைமை ஆசிரியர், டாக்குத்தர், சங்கக்கடை மனேஜர் என்று மாறி மாறி வருவார்கள். ஒரு வருசம் மேடை கொஞ்சம் உயரமாகப் போட்டுவிட்டார்கள். தட்டம் எட்டவில்லை. நான் முதல் படியில் ஒரு காலை வைத்தேன். “நீ கீழை நில்,” என்றார் காரியதரிசி. கோபமாகச் சொல்லவில்லை. விளக்கைக் கொஞ்சம் தள்ளி வை என்று சொல்வது போலச் சொன்னார்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். மேடை என்பது படித்தவர்களுக்கு என்று நானும்தான் நினைத்திருந்தேன். காலை எடுத்துவிட்டேன்.

வெற்றிலைக்குப் பதில்

பாட்டுக்காரரின் படத்தை நான் நகரத்தில் ஒரு தூணில் கண்டேன். கசற் அட்டையில் இருந்த அதே முகம், தாடி மட்டும் நரைத்திருந்தது. எவ்வளவு நேரம் அதன் முன்னால் நின்றேனோ தெரியாது. அடுத்த நாள் ரூடியின் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினேன்.

ரூடிக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. “ஞாயிறு,” என்றான். “ஐந்து மணி. குசினி பூட்டு. நீ. நான்.”

நான் மூன்று விரலைக் காட்டினேன். மாஸ்டரும் வரவேண்டும். ஏனென்றால் அந்த நிமிடமே எனக்கு எண்ணம் வந்துவிட்டது. இந்த மனிதருக்குச் சால்வை போர்த்த வேண்டும். போர்த்த மாஸ்டர் இருக்கிறார், ஆங்கிலமும் தெரியும். தட்டம் பிடிக்க நான் இருக்கிறேன். இதைவிட என்ன வேண்டும்?

மாஸ்டரிடம் சொன்னேன். அவருக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. “ஊரிலை எத்தினை பேருக்குப் போர்த்தினனான்,” என்றார். “ரெண்டு வசனம் ஆங்கிலத்திலை பேசியும் விடுறன்.”

சால்வை என்னிடம் இருந்தது. ஊரிலிருந்து வெளிக்கிடும்போது அம்மா பைக்குள் வைத்த வேட்டி, சால்வைச் சோடி. ஒரு நாளும் விரிக்கவில்லை. தட்டம் உணவகத்துத் தட்டம், ரூடி தந்தான். பூ எங்கள் யன்னல் பெட்டியில் பூத்த ஜெரேனியம். வெற்றிலைக்குத்தான் வழியில்லை.

“வெத்திலை இல்லாமல் என்ன தட்டம்?” என்றார் மாஸ்டர்.

பஸ் தரிப்பில் ஒரு பெரிய மரம் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். இலை எல்லாம் வெற்றிலையின் உருவம். அடி அகலம், நுனி கூர். மூன்று பறித்தேன். பஸ்ஸுக்கு நின்ற கிழவி ஒருத்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அது லிண்டன் மரம் என்று பிறகு ரூடி சொன்னான்.

கடைசிப் பாட்டு

இனி நிலவறைக்கு வருகிறேன்.

அப்படி ஒரு அமைதியான சபையை நான் கண்டதில்லை. யாரும் எழும்பிப் போகவில்லை. யாரும் கதைக்கவில்லை. மாஸ்டர் பழக்கத்தில் தொடையில் தாளம் போட்டார். முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். மாஸ்டர் கையை மடித்து வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் கையை அசைக்கவே இல்லை.

பாட்டுக்காரர் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் கிற்றாரை முறுக்கி முறுக்கிச் சுருதி பார்த்தார். பார்த்துக்கொண்டே ஏதோ பகிடி சொல்வார். சபை சிரிக்கும், பிறகு மாஸ்டர் சிரிப்பார், பிறகு நான் சிரிப்பேன்.

கசற்றில் இருந்த பாட்டுகளில் ஐந்தாறு பாடினார். ரூடி ஒவ்வொன்றுக்கும் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினான். கழுதைப் பாட்டு வரவில்லை. இனி வரும், இனி வரும் என்று இருந்தேன். வரவில்லை.

அவர் தண்ணீர் குடித்துவிட்டு ஏதோ சொன்னார். சபை “ஓ” என்று கவலைப்பட்டது.

“இது கடைசிப் பாட்டாம்,” என்றார் மாஸ்டர்.

நான் குனிந்து ஜாக்கெட்டை நீக்கித் தட்டத்தை எடுத்தேன். “எழும்புங்கோ, மாஸ்டர்.”

மாஸ்டர் எழும்பவில்லை.

“இஞ்சை உப்பிடிச் செய்யிறேல்லைத் தம்பி. எல்லாரும் சிரிப்பாங்கள். முடிஞ்ச பிறகு வாசலிலை வைச்சுக் குடுப்பம்.”

“வாசலிலை வைச்சுக் குடுத்தால் அது சால்வையோ, மாஸ்டர்? அது சாமான்.”

“விளங்குதில்லையே உமக்கு. நான் வெள்ளைக்காரரின்ரை பாஷை படிப்பிச்சனான். இவையள் என்ன நினைப்பினம் எண்டு எனக்குத் தெரியும். நான் வரமாட்டன்.”

மாஸ்டர் வாங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எத்தனையோ மேடை ஏறிய மனிதர். எனக்கு அவரில் கோபம் வரவில்லை. ஆனால் கிற்றார் சுருதி சேர்ந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு நிமிடம். அதற்குப் பிறகு அந்த மனிதர் வெறுந்தோளோடு போய்விடுவார். ஒரு பனிக்காலம் முழுக்க என்னோடு கதைத்த ஒரே குரலுக்கு நான் ஒன்றும் செய்யாதவனாகத் திரும்பக் குசினிக்குள் இறங்க வேண்டும்.

“இவையள் என்ன நினைப்பினம் எண்டு எனக்குத் தெரியாது, மாஸ்டர்,” என்றேன்.

சப்பாத்தைக் கழற்றினேன். மேடைக்குப் போகிறவன் சப்பாத்தோடு போவதில்லை. ஒரு காலில் கறுப்புக் காலுறை, மற்றதில் நீலம். தட்டத்தை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நடுவழியால் நடந்தேன்.

வாசலில் ரிக்கற் கிழித்த மனிதர் ஓடி வந்தார். ரூடி எழும்பிக் கையைக் குறுக்கே நீட்டி அவரை மறித்தான். “விடு,” என்றான். “எங்கள் குசினி ஆள்.”

மேடைக்கு ஒரே ஒரு படி. காலை வைத்தேன். கீழே நில் என்று யாரும் சொல்லவில்லை. மற்றக் காலையும் வைத்தேன்.

மூன்று தட்டு

மஞ்சள் விளக்கு நேரே கண்ணில் அடித்தது. எதுவும் தெரியவில்லை. அப்படியே நின்றேன்.

பாட்டுக்காரர் கையைக் கம்பிகளின் மேல் வைத்துச் சத்தத்தை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். தட்டத்தைப் பார்த்தார். என் காலுறைகளைப் பார்த்தார். ஏதோ மெதுவாகக் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு நான் விட்ட பிழை விளங்கியது. தட்டத்துக்கு இரண்டு கை வேண்டும். சால்வை போர்த்தவும் இரண்டு கை வேண்டும். அதனால்தான் ஊரில் இந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர். எட்டு வருசம் பிடித்த எனக்கு அது மறந்துபோயிற்று. சபை பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு மூச்சு விடவும் கூச்சமாக இருந்தது.

“தட்டத்தை என்னட்டைத் தாரும்.”

கீழே பார்த்தேன். மாஸ்டர் நின்றார். அவரும் சப்பாத்தைக் கழற்றியிருந்தார். மேடைக்குக் கீழே, நான் எப்போதும் நிற்கும் அந்த இடத்தில், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். தட்டத்தைக் கொடுத்தேன். சால்வையை எடுத்து விரித்தேன்.

மாஸ்டர் அங்கிருந்தபடியே வகுப்பில் கதைக்கும் குரலில் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். நல்லாய்ப் பாடினவரின் தோளை மூடாமல் எங்கள் ஊரில் அனுப்புவதில்லை என்று சொன்னாராம்.

பாட்டுக்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றினார். முழங்கால் வரை வரும் தோல் சப்பாத்து, லேசில் வரவில்லை. பிறகு மற்றதையும் கழற்றினார். சாம்பல் நிறக் காலுறையோடு எழும்பி, எனக்கு முன்னால் தலையைக் குனிந்தார்.

அவர் கழுத்தில் மவுத் ஓர்கனைப் பிடிக்கும் கம்பி ஒன்று இருந்தது. சால்வை அதில் சிக்கிக்கொண்டது. நான் இழுத்தேன். அவரும் இழுத்தார். அவருடைய சேட்டில் புகையிலை மணத்தது. ஒரு மாதிரி எடுத்துவிட்டு, கிற்றார் வாருக்கு மேலால் இரண்டு தோளிலும் ஒழுங்காகப் போட்டு, கரை வெளியே தெரிய இழுத்துவிட்டேன். கை நடுங்கவில்லை.

அதற்குப் பிறகு சபை கை தட்டிய தட்டு, நிலவறை முழுக்கத் திரும்பத் திரும்பக் கேட்டது.

அவர் கீழே குனிந்து தட்டத்திலிருந்து ஒரு இலையை எடுத்தார். மணந்து பார்த்தார். சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் ஏதோ கேட்டார்.

“என்ன பாட்டு வேணும் எண்டு கேக்கிறார்,” என்றார் மாஸ்டர்.

“கழுதைப் பாட்டெண்டு சொல்லுங்கோ, மாஸ்டர்.”

“உம்மட்டைத்தானே கேட்டவர். நீர் சொல்லும்.”

ஆங்கிலத்தில் கழுதைக்கு என்ன சொல்லென்று எனக்குத் தெரியாது. எழுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, காது போல வைத்து ஆட்டினேன்.

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு சபை. பிறகு ரூடி பின்னாலிருந்து விசில் அடித்தான். இந்த முறை அந்தச் சிரிப்பில் கடைசி ஆள் நான் இல்லை.

அந்தப் பாட்டை யாரும் கேட்பதில்லை, பாடி வருசக்கணக்கு என்று மாஸ்டரிடம் சொன்னாராம். என்னை மேடை விளிம்பில் உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். உட்கார்ந்தேன். சால்வையோடு நின்று தொடங்கினார்.

கசற்றில் கேட்டதை விட மெதுவாகப் பாடினார். நடுவில் அந்த இடம் வந்தது. குரல் நின்றது. கிற்றார் நின்றது. அவர் வலது காலைத் தூக்கிப் பலகையில் அடித்தார். சத்தம் வரவில்லை.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மாதக்கணக்காக நான் கேட்ட அந்த டொக், டொக், டொக் அவருடைய சப்பாத்துக் குதி. அதை இப்போது எனக்காகக் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு நிற்கிறார். அவர் தன் காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் உள்ளங்கையால் மேடைப் பலகையில் அடித்தேன். மூன்று தட்டு. ஒரு பனிக்காலம் சட்டியில் பழகிய தட்டு, பிசகவில்லை.

குரல் திரும்பி வந்தது.

இரண்டாவது முறை அந்த இடம் வந்தபோது அவர் காலைத் தூக்கவே இல்லை. எனக்கு விட்டுவிட்டார். மூன்றாவது முறை மாஸ்டர் தட்டத்தின் அடியில் விரலால் தட்ட, சபை காலால் தட்ட, நிலவறைக் கல்லெல்லாம் சேர்ந்து தட்டியது.

வெளிச்சம்

முடிந்து மேலே ஏறி வந்தோம். படி செங்குத்து. மரக் கதவுக்கு வெளியே இன்னும் வெயில். கண் கூசியது. நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

கல்லுத் தெருவின் சூடு காலில் ஏறிய பிறகுதான் சப்பாத்து இல்லை என்று தெரிந்தது. ரூடி என்னுடையதையும் மாஸ்டருடையதையும் கையில் தூக்கிக்கொண்டு வந்தான். “சப்பாத்து,” என்றான். பிறகு என் முதுகில் ஒரு அடி அடித்து, “நாளை. சட்டி. நிறைய,” என்று சொல்லிவிட்டுப் போனான்.

பஸ் தரிப்புக்கு நடந்தோம். மாஸ்டர் தட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாட்டுக்காரர் எடுத்தது போக, அதில் ஒரு தோடம்பழமும் இரண்டு இலையும் மிச்சம் இருந்தன. ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

“மாஸ்டர், தட்டத்தைத் தாங்கோ. நான் கொண்டு வாறன்.”

அவர் தரவில்லை. தட்டத்தை நெஞ்சுக்கு நேரே இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

“இது என்னட்டை இருக்கட்டும்,” என்றார். “நீர் முன்னாலை நடவும்.”